அணி வருவதற்கு முன்பே மைதானம் கட்டலாமா?

கேள்வி இதுதான்: "எங்கள் ஊருக்கு ஒரு மேஜர் லீக் பேஸ்பால் அணியைக் கொண்டுவர வரிப்பணத்தில் ஸ்டேடியம் கட்ட வேண்டும் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். வேலை வரும், கடைகள் பெருகும், ஊர் பெயர் டிவியில் அடிபடும் என்கிறார்கள். நான் குடியுரிமை வாங்கி இப்போதுதான் முதல் முறை ஓட்டுப் போடப் போகிறேன். இதற்கு ஆதரவாகப் போடலாமா?"

ஊருக்கு ஒரு அணி வருவது சந்தோஷமான விஷயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அணி கையெழுத்துப் போடும் முன்பே கட்டடம் எழுப்பும் திட்டம் என்றால் தயங்காமல் எதிர்த்துப் போடுங்கள். அணி உறுதியானால் மட்டுமே வரி வசூல் என்ற திட்டம் என்றால் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். யார் முதலில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அமெரிக்காவில் பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் இருப்பது 30 அணிகள். எத்தனை ஊர்கள் ஆசைப்பட்டாலும் அந்த எண்ணிக்கையைக் கூட்டுவதும் ஒரு அணியை இடம் மாற்றுவதும் அணி முதலாளிகள் தங்களுக்குள் ஓட்டெடுத்துச் செய்கிற முடிவு. முக்கால்வாசிப் பேர் சம்மதிக்க வேண்டும். மற்ற தொழில்களில் இப்படி ஒன்றுகூடி வரத்தைக் கட்டுப்படுத்தினால் ஏகபோக எதிர்ப்புச் சட்டம் பாயும். பேஸ்பாலுக்கு மட்டும் 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு அதிலிருந்து விலக்கு தந்தது. நூறு வருடங்கள் கழித்தும் அதன் பெரும்பகுதி அப்படியே நிற்கிறது. ஆக, அணி கிடைக்காத ஊர் ஒன்றிரண்டு எப்போதும் வெளியே காத்துக்கொண்டிருக்கும். அந்த ஊரைக் காட்டித்தான் உள்ளே இருக்கிற அணிகள் தங்கள் ஊர்களிடம் புது ஸ்டேடியம் கேட்கும்.

இது எப்படி நடக்கும் என்பதை ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அளவுக்கு முழுமையாக அனுபவித்த ஊர் வேறு இல்லை. அதனால் அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டாம்பா விரிகுடாவின் ஒரு கரையில் டாம்பா, மறு கரையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். இரண்டுக்கும் நெடுநாள் போட்டி. எண்பதுகளில் இரண்டு ஊருமே பேஸ்பால் அணிக்கு ஆசைப்பட்டன. முந்திக்கொண்டால் நமக்குத்தான் கிடைக்கும் என்ற வேகத்தில் 1986-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகர மன்றம் கூரை போட்ட ஒரு ஸ்டேடியத்தைக் கட்ட முடிவெடுத்தது. அணி எதுவும் கையில் இல்லை. வருகிறோம் என்று எழுதிக் கொடுத்தவரும் யாரும் இல்லை.

இடம் மட்டும் தயாராக இருந்தது. காஸ் பிளான்ட் என்று ஒரு பகுதி. அங்கே நின்ற பெரிய எரிவாயுத் தொட்டிகளால் வந்த பெயர். கருப்பின மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம். வீடுகள், தேவாலயங்கள், சின்னச் சின்னக் கடைகள். எழுபதுகளின் கடைசியில் நகராட்சி இதை மறுசீரமைப்புப் பகுதி என்று அறிவித்தபோது, நல்ல வீடுகள் கட்டித் தருவோம், தொழிற்பேட்டை வரும், வேலை கிடைக்கும் என்றுதான் அந்த மக்களிடம் சொன்னார்கள். அதை நம்பி நூற்றுக்கணக்கான குடும்பங்கள் காலி செய்தன. பக்கத்திலேயே நெடுஞ்சாலை ஒன்றும் போட்டார்கள். இடித்துத் தரைமட்டமாக்கியதற்கு அப்புறம் திட்டம் ஸ்டேடியமாக மாறியது. இன்றைக்கும் அந்த 86 ஏக்கரைப் பற்றி எந்தப் பேச்சு எடுத்தாலும் அந்த வாக்குறுதிதான் முதலில் வரும். இதை நான் ஓர் ஓரக் குறிப்பாகச் சொல்லவில்லை. ஸ்டேடியத்துக்கு இடம் எங்கிருந்து வருகிறது, அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று யாராவது உங்கள் ஊரில் கேட்டார்களா? கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

கட்டடம் பாதியில் நிற்கும்போதே 1988-ல் சிகாகோ வைட் சாக்ஸ் வந்தது. பழைய மைதானம் இடிந்து விழும் நிலையில் இருக்கிறது, புதிது கட்டித் தராவிட்டால் ஃபுளோரிடாவுக்குப் போய்விடுவோம் என்று இலினாய் மாநிலத்திடம் சொன்னார்கள். ஜூன் 30 நள்ளிரவுதான் கெடு. அதற்குள் மசோதா நிறைவேறியாக வேண்டும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 'ஃபுளோரிடா வைட் சாக்ஸ்' என்று டி-ஷர்ட்டே அடித்துவிட்டார்கள். சட்டமன்றத்தில் ஓட்டுகள் குறைந்தன. கவர்னர் ஜேம்ஸ் தாம்ஸன் அவைக்குள்ளேயே இறங்கி உறுப்பினர் உறுப்பினராகப் பிடித்துப் பேசினார். பன்னிரண்டு மணி தாண்டியது. ஆனால் மசோதா நிறைவேறிய நேரம் 11:59 என்றுதான் பதிவேட்டில் இருக்கிறது. அவையின் கடிகாரத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். சிகாகோவில் 1991-ல் புது மைதானம் திறந்தது. அந்த ஓட்டுகளை வைட் சாக்ஸுக்கு வாங்கிக் கொடுத்தது ஃபுளோரிடாவில் எழுந்துகொண்டிருந்த அந்தக் காலிக் கூடாரம்தான். அதன் செலவு மட்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மக்கள் தலையில்.

ஸ்டேடியம் 1990-ல் திறந்தது. ஏறத்தாழ 13.8 கோடி டாலர். உள்ளே பாட்டுக் கச்சேரி நடந்தது, டேவிஸ் கோப்பை டென்னிஸ் நடந்தது, பிற்பாடு மூன்று சீசன் ஐஸ் ஹாக்கிகூட நடந்தது. பேஸ்பால் மட்டும் இல்லை. 1991-ல் இரண்டு புது அணிகள் தருவதாக லீக் அறிவித்தபோது மயாமிக்கும் டென்வருக்கும் கொடுத்தார்கள். 1992-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் முதலாளி பாப் லூரி தன் அணியை 11.5 கோடி டாலருக்கு டாம்பா பகுதிக் குழு ஒன்றுக்கு விற்க ஒப்புக்கொண்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது: மற்ற முதலாளிகள் அந்த இடமாற்றத்தை ஓட்டில் தோற்கடித்து, அணியை சான் ஃபிரான்சிஸ்கோவிலேயே ஒரு குழுவுக்கு 10 கோடிக்கு, அதாவது குறைந்த விலைக்கு, போகவிட்டார்கள். இதற்கு மேல் ஃபுளோரிடாவில் வழக்குகள் கிளம்பின. கடைசியில் 1995 மார்ச்சில் டாம்பா விரிகுடாப் பகுதிக்கு ஒரு புது அணி என்று அறிவித்தார்கள். அதற்கு அணி முதலாளி லீக்குக்குக் கட்டிய நுழைவுக் கட்டணம் 13 கோடி டாலர். முதல் ஆட்டம் 1998-ல்.

திறந்து எட்டு வருடம் கழித்துத்தான் முதல் பந்து. அதற்குள் கட்டடம் பழசாகிவிட்டது. பேஸ்பால் ஆட மறுபடியும் பல கோடி செலவழித்துத் திருத்த வேண்டியிருந்தது. அதே சமயத்தில் மற்ற ஊர்கள் திறந்தவெளிச் செங்கல் மைதானங்களுக்கு மாறிவிட்டதால், சாய்ந்த துணிக் கூரையும் உள்ளே தொங்கும் இரும்பு நடைபாதைகளும் கொண்ட இந்த இடம் வரும்போதே காலாவதியான தோற்றத்தில் இருந்தது. உயரப் போன பந்து அந்த நடைபாதைகளில் பட்டால் என்ன செய்வது என்பதற்கே தனி விதிகள் எழுதினார்கள். இடமும் தப்பு. ஊர் ஒரு தீபகற்பத்தின் முனையில் இருக்கிறது, மூன்று பக்கம் தண்ணீர். வேலை முடிந்து டாம்பாவிலிருந்து வருகிறவர்கள் பாலத்து நெரிசலைத் தாண்ட வேண்டும். 2008-லும் 2020-லும் லீக்கின் இறுதிக் கட்டமான உலகத் தொடர் வரை போன அணி அது. அப்படியும் லீக்கில் மிகக் குறைவான கூட்டம் வந்த இடங்களில் ஒன்றாகவே அது இருந்துவந்தது.

இங்கேயே முடிந்திருந்தால் பரவாயில்லை. 2024 ஜூலையில் நகரமும் பினெல்லஸ் கவுன்ட்டியும் சேர்ந்து 130 கோடி டாலரில் அதே இடத்தில் புது ஸ்டேடியத்துக்கு ஒப்புதல் கொடுத்தன. பாதிக்குக் கொஞ்சம் குறைவு பொதுப்பணம். அக்டோபர் 9 இரவு மில்டன் புயல் பழைய ஸ்டேடியத்தின் துணிக் கூரையைக் கிழித்துப் போட்டது. மீட்புப் பணியாளர்கள் தங்க உள்ளே புல்தரையில் வரிசை வரிசையாகக் கட்டில்கள் போட்டு வைத்திருந்தார்கள். புயலுக்கு முன்பே ஆட்களை வெளியேற்றியதால் யாருக்கும் காயமில்லை. ஊர் முழுக்க வீடிழந்தவர்கள், கடற்கரை அரித்துப்போய்க் கிடக்கிறது, இந்த நிலையில் கடன் பத்திரங்களை இப்போதே வெளியிட வேண்டுமா என்று கவுன்ட்டி ஓட்டெடுப்பைத் தள்ளி வைத்தது. டிசம்பரில் ஒப்புக்கொண்டது. தாமதத்தால் செலவு ஏறிவிட்டது என்று சொல்லி 2025 மார்ச்சில் அணி ஒப்பந்தத்திலிருந்து விலகியது. அந்த சீசனை டாம்பாவில், யாங்கீஸ் அணியின் பயிற்சி மைதானத்தில் ஆடினார்கள். அந்த வருடமே அணி கைமாறியது. பேசப்பட்ட விலை 170 கோடி டாலர். 13 கோடி நுழைவுக் கட்டணத்தில் ஆரம்பித்த சொத்து அது. இந்த வளர்ச்சியில் காஸ் பிளான்ட் குடும்பங்களுக்கு என்ன பங்கு என்று யோசித்தால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது.

முதலில் கட்டி ஜெயித்த ஊர்களே இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. மில்வாக்கி கவுன்ட்டி சுமார் 50 லட்சம் டாலரில் மைதானம் கட்டியது. 1953-ல் பாஸ்டன் பிரேவ்ஸ் அங்கே குடிபெயர்ந்தது. முந்தைய வருடம் பாஸ்டனில் மூன்று லட்சம் பேரைக்கூட ஈர்க்க முடியாத அணி, மில்வாக்கியில் முதல் வருடமே 18 லட்சம் பேரை வரவழைத்தது. ஆனால் 1965 சீசன் முடிந்ததும் அட்லான்டாவுக்குப் போய்விட்டார்கள். காரணம், அட்லான்டா இன்னொரு புது ஸ்டேடியம் கட்டி வைத்திருந்தது. அதே அணி 2017-ல் அட்லான்டா நகரத்தை விட்டுப் பக்கத்து காப் கவுன்ட்டிக்குப் போனது. அங்கே 30 கோடி டாலர் பொதுப்பணம் கிடைத்தது. ஸ்டேடியத்துக்காக வருகிற அணி அதைவிட நல்ல ஸ்டேடியத்துக்காகப் போகவும் செய்யும்.

இதற்கு நேர் எதிராக டென்வர் செய்ததைப் பாருங்கள். கொலராடோ சட்டமன்றம் ஆறு கவுன்ட்டிகளைச் சேர்த்து ஒரு ஸ்டேடியம் மாவட்டத்தை உருவாக்கியது. 1990 ஆகஸ்டில் மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். விற்பனை வரியில் கூடுதலாக 0.1 சதவீதம், அதாவது பத்து டாலருக்கு ஒரு சென்ட். நிபந்தனை ஒன்று: லீக் டென்வருக்கு அணி கொடுத்தால்தான் வரி. கொடுக்காவிட்டால் ஒரு சென்ட்கூட வசூலாகாது. ஓட்டு ஜெயித்தது, 1991-ல் அணி கிடைத்தது. முதல் இரண்டு சீசன் இருக்கிற ஃபுட்பால் ஸ்டேடியத்திலேயே ஆடினார்கள். 1993-ல் அங்கே வந்த கூட்டம் 44 லட்சத்துக்கும் மேல், இன்றுவரை உடையாத சாதனை. அந்தக் கூட்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகு, கட்டிக்கொண்டிருந்த கூர்ஸ் ஃபீல்ட் என்ற புது மைதானத்தில் இருக்கைகளைக் கூட்டினார்கள். 1995-ல் திறந்தது. கடன் நினைத்ததற்குப் பல வருடம் முன்னதாகவே அடைபட்டது. ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்த வரி அப்படியே மறைந்துவிடவில்லை. 1998-ல் இன்னொரு ஓட்டெடுப்பு நடத்தி, அதே 0.1 சதவீதத்தை ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு நீட்டித்துக்கொண்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மக்களைக் கேட்டுத்தான் செய்தார்கள்.

சரி, வேலைவாய்ப்பும் வியாபாரமும்? முப்பது வருடத்துக்கும் மேலாகப் பொருளாதார ஆய்வாளர்கள் இதை அலசிவிட்டார்கள். வலதுசாரி, இடதுசாரி என்ற பேதமில்லாமல் பெரும்பாலோர் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்: போட்ட பொதுப்பணத்துக்கு ஏற்ற வருமானம் ஊருக்குத் திரும்பி வருவதில்லை. காரணம் சிக்கலானதில்லை. ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு மாதம் இருநூறு டாலர் ஒதுக்குகிறது என்றால், அதை மைதானத்தில் செலவழித்தால் சினிமாவிலும் பக்கத்து உணவகத்திலும் செலவழிக்காது. பணம் இடம் மாறுகிறது, கூடுவதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் கொண்டுவருவார்கள் என்பது உண்மை, ஆனால் வருடத்துக்கு 81 உள்ளூர் ஆட்டங்களில் பெரும்பாலானவை உள்ளூர்க் கூட்டத்தை நம்பித்தான். வருமானத்தின் பெரும்பகுதி ஆட்டக்காரர்களின் சம்பளமாகப் போகிறது, அவர்களில் பலர் சீசன் முடிந்ததும் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவார்கள். கட்டுமான வேலை இரண்டு மூன்று வருடம். அப்புறம் மிஞ்சுவது பெரும்பாலும் ஆட்டம் நடக்கும் நாட்களில் மட்டும் கிடைக்கும் பகுதி நேர வேலை.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நகராட்சிக் கடன் பத்திரங்களின் வட்டிக்கு மத்திய வருமான வரி கிடையாது, அதனால் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும். தனியார் ஸ்டேடியங்களுக்கு இந்தச் சலுகை போகக் கூடாது என்று 1986-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். தனியார் பயன்பாட்டுக்கான கட்டடம் என்றால், கடனில் பத்து சதவீதத்துக்கு மேல் அந்தக் கட்டடத்தின் வருமானத்திலிருந்து அடைத்தால் சலுகை போய்விடும். நினைத்தது, ஊர்கள் கட்டுவதையே விட்டுவிடும் என்று. நடந்தது தலைகீழ். சலுகையைக் காப்பாற்ற, ஊர்கள் அணியிடம் வாடகையைக் குறைவாக வாங்கிக்கொண்டு கடனைப் பொது வரியிலிருந்து அடைக்க ஆரம்பித்தன. உங்கள் ஊர்த் திட்டத்தில் வாடகை ஏன் இவ்வளவு சொற்பமாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டால், ஒரு காரணம் இது.

கடனை எப்படி எழுதுகிறார்கள் என்பதையும் பாருங்கள். மயாமியில் 2012-ல் திறந்த மார்லின்ஸ் அணியின் ஸ்டேடியத்துக்காகக் கவுன்ட்டி வாங்கிய கடனில் 9.1 கோடி டாலருக்கான ஒரு பகுதி இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் எதுவும் கட்ட வேண்டாம், வட்டி குட்டி போட்டுக்கொண்டே போகும். 2048-க்குள் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் ஏறத்தாழ 120 கோடி கட்டியாக வேண்டும். கோபத்தில் மக்கள் 2011-லேயே கவுன்ட்டி மேயரை ஓட்டுப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஒப்பந்தம் இறங்கவில்லை. அணியை விற்றால் லாபத்தில் ஒரு சிறு பங்கு ஊருக்கு என்று அதில் ஒரு வாசகம் இருந்தது. 2002-ல் சுமார் 15.8 கோடிக்கு வாங்கிய முதலாளி 2017-ல் 120 கோடிக்கு விற்றுவிட்டு, கடன், வரி எல்லாம் கழித்தால் நஷ்டம்தான் என்று கணக்குக் காட்டினார். வழக்குப் போட்டு, கடைசியில் 42 லட்சம் டாலரில் சமரசம் ஆனது. லாபத்தில் பங்கு கேட்பதைவிட விற்பனை விலையில் பங்கு கேட்டிருக்க வேண்டும்.

எந்த வரி என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆரெகன் மாநிலத்தில் விற்பனை வரி இல்லை, வருமான வரி அதிகம். அதனால் போர்ட்லாந்துக்கு அணி வந்தால், ஆட்டக்காரர்கள் கட்டும் வருமான வரியைக் கொண்டே கடனை அடைப்பது என்று 2003-ல் ஒரு சட்டம் போட்டு, 2025-ல் அதன் உச்சவரம்பை 80 கோடி டாலராக உயர்த்தினார்கள். அணி வராவிட்டால் ஆட்டக்காரர்களும் இல்லை, கடனும் இல்லை. நெவாடாவிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரியே கிடையாது. கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர் குடியேறினாலும் அந்த வழியில் மாநிலத்துக்கு எதுவும் வராது. நெவாடா 2023-ல் ஓக்லண்ட் ஏ'ஸ் அணியை லாஸ் வேகஸுக்குக் கொண்டுவர அதிகபட்சம் 38 கோடி டாலர் என்று சட்டத்தில் எழுதியது. 150 கோடியில் ஆரம்பித்த மொத்தச் செலவு 200 கோடியைத் தொட்ட பிறகும் அந்த உச்சவரம்பு அப்படியே இருக்கிறது. சட்டத்தின் அந்த ஒரு வாசகத்தை நான் பாராட்டுவேன். ஓக்லண்ட் மக்கள் மட்டும் 2024 செப்டம்பரில் கடைசி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

இப்போது உங்கள் ஓட்டு. இன்னும் இரண்டு அணிகளைச் சேர்த்து 32 ஆக்கும் எண்ணம் இருப்பதாக லீக்கின் கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட் சொல்லிவருகிறார். அதனால் பல ஊர்களில் இந்தப் பேச்சு சூடாக இருக்கிறது. பொதுக் கூட்டம் கட்டாயம் நடக்கும், மூன்று நிமிடம் பேச விடுவார்கள். வேலைவாய்ப்பு எண்ணிக்கையைப் பற்றி வாதாடி அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். அவர்களிடம் ஆலோசனை நிறுவனத்தின் தடியான அறிக்கை இருக்கும். அணி உறுதியாகும் தேதிக்கு முன் ஒரு டாலராவது செலவாகுமா என்று கேளுங்கள். செலவு ஏறினால் யார் கட்டுவது, குத்தகை முடியும் முன் அணி கிளம்பினால் மீதிக் கடனை யார் அடைப்பது, புயலோ வெள்ளமோ வந்தால் பழுதுபார்ப்பது யார் என்று கேளுங்கள். சுற்றியுள்ள நிலத்தில் ஹோட்டலும் அடுக்குமாடியும் கட்டும் உரிமை யாருக்கு என்பதை மறக்காமல் கேளுங்கள். இந்தக் காலத்தில் பெரிய லாபம் ஆட்டத்தைவிட அந்த நிலத்தில்தான் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ மக்கள் பொதுப்பணம் தர ஓட்டெடுப்புகளில் திரும்பத் திரும்ப மறுத்தபோது, ஜயன்ட்ஸ் பெரும்பாலும் தனியார் பணத்திலேயே 2000-ல் ஸ்டேடியம் கட்டி முடித்தது. முடியாத காரியம் ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கோடை சாயங்காலத்தில் குழந்தைகளோடு மேல் வரிசையில் உட்கார்ந்து ஒன்பது இன்னிங்ஸ் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். பூங்காவுக்கும் நூலகத்துக்கும் வரி கட்டுவது போல இதற்கும் கட்டலாம் என்று ஒரு ஊர் முடிவெடுத்தால் அதில் தப்பே இல்லை. அப்படியென்றால் அதை முதலீடு என்று சொல்லாமல், வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு இத்தனை டாலர் ஆகும், இத்தனை வருடம் கட்ட வேண்டும் என்று ஓட்டுச்சீட்டிலேயே போடச் சொல்லுங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகும் உங்களுக்குச் சரி என்று பட்டால், அணி வந்த பிறகுதான் வசூல் என்ற நிபந்தனையும் அதே சீட்டில் இருந்தால், ஆதரவாகப் போடுங்கள்.